ஆணி அடித்த கை: போர்க்காலத் தேசபக்திச் சாமான்களைப் படிக்கப் பழகுவது எப்படி

ஒரு சின்ன பிளாஸ்டர் பொம்மையிலிருந்து ஆரம்பிக்கிறேன். ஹிட்லர் குனிந்து நிற்கிறார். அவருடைய பின்புறத்தில் பஞ்சு அடைத்துத் தைத்த ஒரு திண்டு. வீட்டில் தையல் வேலை பார்ப்பவர் தன் குண்டூசிகளை அதில்தான் குத்தி வைக்க வேண்டும். 1941-ஐச் சேர்ந்த இந்த அமெரிக்கப் பொம்மைக்கு 'ஹாட்ஸி நாட்ஸி' என்று பெயர்.

போர்ப் பிரச்சாரம் என்றதும் நமக்குச் சுவரொட்டிதான் ஞாபகத்துக்கு வரும். முறுக்கு மீசையோடு விரலை நீட்டிக்கொண்டிருக்கும் பிரிட்டிஷ் போர் அமைச்சர் கிச்சனர் பிரபுவின் படத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சுவரொட்டி தெருவில் இருக்கும். பார்த்தும் பார்க்காமலும் கடந்து போய்விடலாம். இந்தப் பொம்மை தையல் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. சட்டைப் பொத்தான் அறுந்தாலும் பாவாடை ஓரம் பிரிந்தாலும் கை அதைத் தேடிப் போகும். ஒவ்வொரு தடவையும் ஒரு குத்து. இப்படிச் செய்யச் சொல்லி எந்த அரசாங்கமும் உத்தரவு போடவில்லை. அந்த வீட்டுக்காரர்களே கடையில் காசு கொடுத்து வாங்கி வந்தார்கள்.

இந்தச் சாமான்கள்மேல் எனக்கு இவ்வளவு ஈடுபாடு வந்ததற்கு அதுதான் காரணம். ஒரு போரைச் சாதாரண ஜனங்கள் எப்படித் தங்கள் வீட்டுக்குள் வரவிட்டார்கள் என்பது தளபதிகளின் நினைவுக் குறிப்புகளில் கிடைக்காது. அலமாரியில் வைத்த பீங்கான் பொம்மையில் கிடைக்கும். தீப்பெட்டியில் கிடைக்கும். படிக்கத் தெரிந்தால் போதும். புதிதாக ஆரம்பிப்பவர்களுக்காக, நான் பழகிய வரிசையிலேயே எழுதுகிறேன். பணம் செலவழிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. முக்கால்வாசி வேலையைக் கணினித் திரையிலேயே செய்துவிடலாம்.

முதல் படி: ஒரே ஒரு மூலையை எடுத்துக்கொள்ளுங்கள்

எல்லாப் போரும், எல்லா நாடும் என்று இறங்கினால் ஆறு மாதத்தில் ஒரு குவியல் சேரும், ஒன்றும் விளங்காது. ஒரு போர், ஒரு நாடு, ஒரு வகைப் பொருள் என்று குறுக்கிக்கொள்ளுங்கள். முதல் உலகப் போர்க்கால பிரிட்டனின் குட்டிப் பீங்கான் டாங்குகள். அதே காலத்தில் பிரெஞ்சுப் பெண்கள் பட்டு வலைத்துணியில் பூவேலை செய்து, வெட்டி அட்டையில் ஒட்டி விற்ற தபால் அட்டைகள். இரண்டாம் போர்க்கால அமெரிக்கச் சட்டைப் பொத்தான் பேட்ஜுகள். ஜப்பானில் சிறுவர்களுக்காக விமானமும் டாங்கும் அச்சிட்டு நெய்த கிமோனோக்கள். இப்படி ஏதாவது ஒன்று.

எடுத்துக்கொண்ட பிறகு, எதையும் வாங்குவதற்கு முன்னால் அந்த வகையில் ஐம்பது பொருட்களையாவது பாருங்கள். லண்டனில் உள்ள இம்பீரியல் வார் மியூசியம், கான்பராவில் உள்ள ஆஸ்திரேலிய வார் மெமோரியல், அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் ஆகிய மூன்றும் தங்கள் சேகரிப்பில் ஏராளமானவற்றைப் படத்தோடு இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. ஐம்பது பார்த்த கண்ணுக்கு ஐம்பத்தொன்றாவது தானாகப் பேச ஆரம்பிக்கும்.

இரண்டாம் படி: கை என்ன செய்கிறது என்று கேளுங்கள்

இதுதான் இந்தக் கட்டுரையின் உயிர். ஒரு பொருளில் என்ன படம் இருக்கிறது என்று பார்ப்பதற்கு முன்னால், அதை வைத்திருந்தவருடைய கை என்ன செய்தது என்று கேளுங்கள். குத்தியதா, உரசியதா, மடித்ததா, சட்டையில் மாட்டிக்கொண்டதா, கழற்றிக் கொடுத்ததா?

பெர்லினுக்குப் போவோம். 1915 செப்டம்பர் 4 அன்று வெற்றித் தூணுக்கு அருகில் தளபதி ஹிண்டன்பர்க்கின் மரச்சிலை ஒன்றைத் திறந்துவைத்தார்கள். உயரம் ஏறக்குறைய 12 மீட்டர், நம் ஊரில் நான்கு மாடி வீட்டின் உயரம். சிலையைச் சுற்றிச் சாரம் கட்டி, படிக்கட்டும் வைத்திருந்தார்கள். ஏறிப் போய் யார் வேண்டுமானாலும் ஒரு ஆணி அடிக்கலாம். இரும்பு ஆணி ஒரு மார்க், வெள்ளி ஆணி ஐந்து மார்க், தங்க ஆணி நூறு மார்க். மரத்தாலான தளபதி ஜனங்களின் ஆணியால் மெல்ல மெல்ல இரும்புத் தளபதியாக வேண்டும் என்பது எண்ணம். அதே ஆண்டு மார்ச்சில் வியன்னாவில் 'இரும்பு வீரன்' என்ற சிலையில் ஆரம்பித்த பழக்கம் இது. பிறகு ஜெர்மனியிலும் ஆஸ்திரியாவிலும் ஊர் ஊராகப் பரவியது. எல்லா இடத்திலும் சிலைதான் வைத்தார்கள் என்றில்லை. சில ஊர்களில் கேடயம், சில ஊர்களில் சிலுவை, பள்ளிக்கூடங்களில் ஒரு பலகை போதும்.

அந்தச் சாரத்தில் ஏறும் ஒரு பத்து வயதுப் பையனை நினைத்துப் பாருங்கள். சுத்தியல் கனக்கிறது. கீழே அம்மா நிற்கிறாள். ஆணியின் தலை மரத்தில் பதிந்ததும் ஒரு சத்தம். 'நானும் ஒரு ஆணி அடித்தேன்' என்று அவனால் ஆயுள் முழுக்கச் சொல்ல முடியும். போர் சரியா தவறா என்ற கேள்வியை யாரும் அவனிடம் கேட்கவில்லை. அவனுடைய கை பதில் சொல்லி முடித்துவிட்டது. போருக்குப் பிறகு ஹிண்டன்பர்க் சிலையைப் பிரித்துவிட்டார்கள். வியன்னா வீரன் இன்றும் நகர மன்றத்துக்குப் பக்கத்தில், ஆணிகளோடு நிற்கிறான்.

கழற்றிக் கொடுத்த கையும் உண்டு. நெப்போலியனை எதிர்த்த 1813-ஆம் ஆண்டுப் போரில், பிரஷ்யப் பெண்கள் தங்க மோதிரத்தைக் கொடுத்துவிட்டு இரும்பு மோதிரம் வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். 'இரும்புக்காகத் தங்கம் கொடுத்தேன்' என்று அதில் எழுதியிருக்கும். நூறு ஆண்டுக்குப் பிறகு, 1914-இல் அதே வாசகத்தோடு அதே மோதிரம் திரும்பி வந்தது. தாலியைக் கழற்றுவது என்றால் என்ன என்று தெரிந்த நமக்கு, கல்யாண மோதிரத்தைக் கழற்றி அரசாங்க மேஜையில் வைத்த அந்தக் கையின் கனம் புரியும். அந்த இரும்பு வளையத்தைப் பார்க்கும்போது அதன் எடையை மட்டும் பார்க்காதீர்கள்.

மடிக்கிற கைக்கு ஒரு உதாரணம். நாஜி ஆக்கிரமிப்பில் இருந்த நெதர்லாந்தில் ஒரு துண்டுத்தாள் கைமாறியது. நான்கு பன்றிகளின் படம். ஐந்தாவது பன்றி எங்கே என்று ஒரு கேள்வி. தாளைக் குறுக்கும் நெடுக்குமாகச் சரியாக மடித்தால் நான்கு பன்றிகளின் கோடுகளும் சேர்ந்து ஹிட்லரின் முகமாகிவிடும். ஜெர்மானியர் கையில் சிக்கினால் ஆபத்தான தாள். அதை மடித்துக் காட்டுகிற விரலுக்குத் தனியாகத் துணிச்சல் வேண்டும். அமெரிக்காவில் ஊசித் திண்டு வாங்கிய கைக்கு அந்த ஆபத்து கிடையாது. இரண்டிலும் கேலி செய்யப்படுவது ஒரே ஆள்தான். ஆனால் கை செய்த காரியம் வேறு வேறு. படத்தை மட்டும் பார்த்திருந்தால் இந்த வித்தியாசம் தெரிந்திருக்காது.

மூன்றாம் படி: ஒரு எழுத்தைக்கூட விடாமல் படியுங்கள்

ஒரு நல்ல லென்ஸ் வாங்கிக்கொள்ளுங்கள். நகைக்கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பார்களே, பத்து மடங்கு பெரிதாக்கும் அந்தக் கண்ணாடி, அது போதும். ஏன் சொல்கிறேன் என்று ஒரே ஒரு பதக்கத்தை வைத்துக் காட்டுகிறேன். நான் முதலில் காசு கொடுத்து வாங்கியதும் இதுதான்.

1915 மே 7 அன்று லூசிடானியா என்ற பிரிட்டிஷ் பயணிகள் கப்பலை அயர்லாந்துக் கரைக்கு அருகே ஜெர்மன் நீர்மூழ்கி மூழ்கடித்தது. சுமார் 1,200 பேர் இறந்தார்கள். மியூனிக்கைச் சேர்ந்த கார்ல் கோட்ஸ் என்ற பதக்கக் கலைஞர் அதைப் பற்றி ஒரு பதக்கம் செய்தார். ஒரு பக்கம், கப்பல் மூழ்குகிறது. தளத்தில் பீரங்கியும் விமானமும் குவிந்திருக்கின்றன. மேலே 'கடத்தல் சரக்கு எதுவும் இல்லை' என்று குத்தலாக ஒரு வாசகம். மறுபக்கம் கியூனார்டு கப்பல் கம்பெனியின் டிக்கெட் ஜன்னல். ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்து டிக்கெட் கொடுப்பது ஒரு எலும்புக்கூடு. முன்னால் பயணிகள் நெருக்கியடித்து நிற்கிறார்கள். 'எல்லாவற்றுக்கும் மேலே வியாபாரம்' என்று அதற்குத் தலைப்பு. போர்ச் சரக்கு ஏற்றிய கப்பலில் ஜனங்களையும் ஏற்றிய கம்பெனியைச் சாடுவதுதான் கோட்ஸின் நோக்கம்.

அவர் செய்தது சில நூறு பதக்கங்கள்தான். அதில் ஒரு பிழை செய்துவிட்டார்: மே 7 என்பதற்குப் பதிலாக மே 5 என்று போட்டுவிட்டார். பதக்கம் ஒன்று பிரிட்டிஷார் கையில் கிடைத்தது. கப்பலை மூழ்கடிப்பதற்கு முன்பே பதக்கம் அடித்து வைத்திருந்தார்கள், கொலையைக் கொண்டாடுகிறார்கள் என்று காட்ட அந்தத் தேதி ஒன்றே போதுமே. கடற்படை உளவுத்துறைத் தலைவர் ரெஜினால்ட் ஹாலின் ஏற்பாட்டில் சுமார் மூன்று லட்சம் நகல்கள் தயாராயின. ஒவ்வொன்றுக்கும் ஒரு சின்ன அட்டைப் பெட்டி, உள்ளே விளக்கத் தாள், விலை ஒரு ஷில்லிங். வந்த காசு செஞ்சிலுவைச் சங்கத்துக்கும் பார்வை இழந்த படைவீரர்களின் இல்லத்துக்கும் போனது.

ஆக, ஜெர்மானியர் தன் எதிரியைச் சாடச் செய்த பொருளை, எதிரி அப்படியே எடுத்து, ஒரு கோடுகூட மாற்றாமல், தன் பிரச்சாரமாக ஆக்கிவிட்டான். மாறியது பெட்டியும் விளக்கத் தாளும்தான். பிறகு பவேரிய அரசே கோட்ஸின் பதக்கத்துக்குத் தடை போட வேண்டியதாயிற்று.

ஒரு கோடுகூட மாறவில்லை என்று சொன்னேன்; ஒரு எழுத்து மாறியது. 'மே' என்ற மாதத்தை ஜெர்மன் மொழியில் எம், ஏ, ஐ என்று எழுதுவார்கள். பிரிட்டிஷ் நகலில் அது ஆங்கில வழக்கப்படி எம், ஏ, ஒய் என்று ஆகிவிட்டது. என்னிடம் விற்ற பழம்பொருள் வியாபாரி அதை ஜெர்மன் அசல் என்று சொல்லித்தான் விலை வைத்தார். பெட்டியும் தாளும் தொலைந்துபோன பதக்கம் அது. நான் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். எலும்புக்கூடு அப்படி இழுத்து வைத்தது. வீட்டுக்கு வந்து லென்ஸ் வைத்த பிறகுதான் அந்த 'ஒய்' கண்ணில் பட்டது. கொடுத்த காசு போனது வருத்தம்தான். ஆனால் லண்டனில் ஒரு ஷில்லிங் கொடுத்து இதை வாங்கி, வீட்டில் வந்தவர்களிடம் எல்லாம் 'பார், எப்படிப்பட்டவர்கள்' என்று காட்டிய யாரோ ஒருவரின் கோபம் என் கைக்கு வந்திருக்கிறது என்று புரிந்தபோது, அந்த நகலை நான் திருப்பிக் கொடுக்க விரும்பவில்லை. இந்தத் துறையில் அசலைவிட நகல் அதிகம் பேசும் நேரங்கள் உண்டு.

நான்காம் படி: காசு எங்கே போனது?

ஒவ்வொரு சாமானுக்கும் ஒரு காசு வழி உண்டு. மூன்று வகையாகப் பார்க்கலாம்: முழுக்க வியாபாரம், முழுக்க நன்கொடை, இரண்டும் கலந்தது.

பீங்கான் டாங்கு வியாபார வகை. இங்கிலாந்தின் ஸ்டோக் பகுதிப் பீங்கான் ஆலைகள் போருக்கு முன்பே சுற்றுலாக்காரர்களுக்காக ஊர்ச் சின்னம் போட்ட குட்டிக் குடுவைகளைச் செய்து விற்றுக்கொண்டிருந்தன. கோஸ் என்ற ஆலைதான் இதற்குப் பேர் போனது. போர் வந்ததும் குடுவை இருந்த இடத்தில் பீரங்கிக் குண்டும் ஆம்புலன்ஸும் செப்பலின் ஆகாயக்கப்பலும் வந்தன. 1916 செப்டம்பர் 15 அன்று சோம் போர்க்களத்தில் டாங்கு முதன்முதலாக இறங்கியது. அப்புறம் பீங்கான் டாங்குக்குப் பஞ்சமே இல்லை. கடற்கரை ஊருக்குப் போனவர் அந்த ஊரின் சின்னம் போட்ட டாங்கு ஒன்றை வாங்கி வந்து கணப்படுப்புக்கு மேல் வைத்தார். வெள்ளை வெளேரென்று, பளபளப்பாக, உள்ளங்கையில் அடங்கும். சேறு இல்லை, எண்ணெய் இல்லை, உள்ளே வெந்துபோன ஆட்கள் இல்லை.

1917 நவம்பரில் அரசாங்கம் நிஜ டாங்குகளையே ஊர் ஊராக அனுப்பிப் போர்க் கடன் பத்திரம் விற்றது. 'டாங்கு வங்கி' என்று பேர். எக்பர்ட், ஜூலியன், நெல்சன் என்று டாங்குகளுக்கு ஆள் பெயர் வைத்திருந்தார்கள். தலைக்கு அதிகப் பணம் சேர்த்த வெஸ்ட் ஹார்ட்டில்பூல் நகருக்கு எக்பர்ட்டையே பரிசாகக் கொடுத்தார்கள். போருக்குப் பிறகு இப்படி 260-க்கும் மேற்பட்ட டாங்குகள் ஊர்களுக்குப் போயின. ஏறக்குறைய அத்தனையும் பழைய இரும்பாகிவிட்டன. கென்ட் மாவட்டத்து ஆஷ்ஃபோர்டில் ஒன்று இன்றும் நிற்கிறது. பீங்கான் டாங்குகள் ஆயிரக்கணக்கில் தப்பிவிட்டன.

நன்கொடை வகைக்கு பிரிட்டிஷ் இளவரசி மேரியின் பித்தளைப் பெட்டி. 1914 கிறிஸ்துமஸுக்குப் படைவீரர்களுக்கு அனுப்பப் பொதுமக்களிடம் நிதி திரட்டிச் செய்தது. மூடியில் இளவரசியின் முகம், ஓரங்களில் நேச நாடுகளின் பெயர்கள். உள்ளே புகையிலையும் சிகரெட்டும் வாழ்த்து அட்டையும். பிரான்சில் அப்போது இந்தியப் படையினரும் இருந்தார்கள். சீக்கியருக்குப் புகையிலை ஆகாது என்று கற்கண்டும் மசாலாவும் வைத்தார்கள். கூர்க்காக்களுக்கு பிரிட்டிஷ் வீரருக்குக் கொடுத்ததே போனது. ஒரு பேரரசு தன் ஆட்களை எப்படி வகை பிரித்து வைத்திருந்தது என்பதை இந்தப் பெட்டியின் உள்ளடக்கப் பட்டியலே சொல்லிவிடுகிறது. மொத்தம் 25 லட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் போயின. பித்தளை போதாமல் அமெரிக்காவிலிருந்து தகடு வரவழைத்தார்கள். அதில் ஒரு பெரிய சரக்கு, மேலே சொன்ன லூசிடானியாவோடு கடலுக்குள் போய்விட்டது.

மூன்றாவது வகையில் கவனம் அதிகம் வேண்டும். நாஜி ஜெர்மனியில் 'குளிர்கால நிவாரணம்' என்ற பேரில் வீதியில் உண்டியல் குலுக்குவார்கள். இருபது பைசா போல ஒரு சின்னத் தொகை போட்டால் ஒரு குட்டிச் சின்னம் கிடைக்கும்: கண்ணாடிப் பூ, மரப் பொம்மை, பீங்கான் பறவை. வரிசை வரிசையாக வந்ததால் குழந்தைகள் சேர்க்க ஆசைப்பட்டார்கள். வேலையில்லாத மலைப்பகுதிக் கைவினைஞர்களுக்கு அதனால் வேலையும் கிடைத்தது. அழகான சாமான்கள்தான். ஆனால் சட்டையில் அது இல்லாமல் தெருவில் போகிறவரை எல்லோரும் கவனிப்பார்கள். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்று காட்டிக்கொடுக்கும் வேலையை ஒரு கண்ணாடிப் பூ செய்தது.

இன்னொன்று. அதே அரசு 1933 மே 19 அன்றே, தேசியச் சின்னங்களைக் கண்ட கண்ட சாமானில் போட்டு விற்பதற்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. ஆட்சிக்கு வந்த சில மாதத்திலேயே வியாபாரிகள் ஸ்வஸ்திகாவை எல்லாவற்றிலும் ஒட்ட ஆரம்பித்துவிட்டார்கள். மலிவுச் சாமானில் சின்னத்தின் மரியாதை கெட்டுவிடும் என்று அரசுக்கே பயம் வந்தது. ஆகவே ஒரு சாமானைப் பார்த்ததும் 'அரசாங்கம் செய்த பிரச்சாரம்' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். பல நேரம் வியாபாரி முன்னால் ஓடுகிறான், அரசு பின்னால் வருகிறது.

ஐந்தாம் படி: எதனால் செய்தது?

பொருளின் காலத்தைக் கண்டுபிடிக்க இது நல்ல வழி. போர் நடக்கும்போது உலோகம் முதலில் படைக்குப் போகும். அமெரிக்காவில் 1943-இல் ஒரு செண்ட் காசையே செம்பில் அடிக்காமல் துத்தநாகம் பூசிய எஃகில் அடித்தார்கள். உலோகப் பொம்மைகள் 1942-இல் நின்றுபோயின. அப்புறம் வந்த பொம்மைத் துப்பாக்கியும் டாங்கும் மரம், அட்டை, காகிதம். இமிட்டேஷன் நகை செய்தவர்களுக்கு வழக்கமான மலிவு உலோகம் கிடைக்காததால் வெள்ளியில் செய்தார்கள். அதனால் அந்தக் காலத்து 'வி' எழுத்து ப்ரூச் (உடையில் குத்தும் நகை) ஒன்று வெள்ளியாக இருந்தால் ஆச்சரியப்பட வேண்டாம்.

அந்த 'வி' எங்கிருந்து வந்தது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். 1941 ஜனவரி 14 அன்று விக்டர் டி லாவலே என்ற பெல்ஜியர் பி.பி.சி. வானொலியில் யோசனை சொன்னார். பிரெஞ்சு மொழியில் வெற்றி, டச்சு மொழியில் விடுதலை, இரண்டுமே அந்த எழுத்தில்தான் ஆரம்பிக்கும். சுவரில் கிறுக்க ஒரு நொடி போதும். சில மாதத்தில் அது ப்ரூச்சிலும் தீப்பெட்டியிலும் ஏறிவிட்டது. ஆகவே அந்த 'வி' உள்ள பொருளை 1941-க்கு முந்தையது என்று யாராவது விற்க வந்தால் நம்பாதீர்கள்.

பராமரிப்பு பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். பித்தளையைப் புளி போட்டுத் தேய்க்காதீர்கள். நம் வீட்டுக் குத்துவிளக்குக்கு அது சரி. இளவரசி மேரி பெட்டியில் முகமே அழிந்துபோகும். பட்டு அட்டைகளை வெளிச்சத்தில் மாட்டாதீர்கள். பழைய பேட்ஜுகளின் மேல் உள்ள செல்லுலாய்டு சீக்கிரம் தீப்பற்றும். சூடில்லாத, காற்றோட்டமான இடத்தில் வையுங்கள்.

ஆறாம் படி: தேதியைச் சரிபாருங்கள், உயிரையும் பாருங்கள்

பீரங்கிக் குண்டின் பித்தளைக் கூட்டைச் செதுக்கிச் செய்த பூ ஜாடிகள் சந்தையில் நிறைய வரும். பெல்ஜியப் போர்க்களத்தின் பெயரோடு 'ஈப்ர் 1915' என்று அழகாக வெட்டியிருப்பார்கள். ஜாடியைக் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பாருங்கள். கூட்டைச் செய்த ஆலையின் முத்திரை, மாதம், ஆண்டு எல்லாம் அங்கே இருக்கும். அடியில் 1917 என்றும் உடம்பில் 1915 என்றும் இருந்தால், 1915-இல் பதுங்குகுழியில் உட்கார்ந்து யாரும் அதைச் செதுக்கவில்லை. போர் முடிந்த பிறகு மகனின் கல்லறையைத் தேடிப் போர்க்களத்துக்கு வந்த பெற்றோருக்கு விற்கச் செய்ததாக இருக்கலாம். அதைப் போலி என்று தள்ளிவிடாதீர்கள். அந்தத் தாய் அதைத் துணியில் சுற்றி வீட்டுக்கு எடுத்துப்போயிருப்பாள். அதுவும் போரின் சாமான்தான்.

குண்டின் முனைப்பகுதியோடு, முழுதாக இருப்பதாக யாராவது கொடுத்தால் கையில் வாங்காதீர்கள். பிரான்சிலும் பெல்ஜியத்திலும் இன்றும் விவசாயிகள் உழும்போது வெடிக்காத குண்டுகள் மேலே வருகின்றன. நூறு வருடம் ஆனதால் வெடிமருந்து அடங்கிப் போயிருக்கும் என்று நினைப்பது தப்பு.

வெளிநாட்டிலிருந்து வாங்குபவர்கள் சுங்க விதிகளை முதலில் விசாரியுங்கள். இந்தியாவில் உள்ள நூறு வயது தாண்டிய பழம்பொருளை வெளிநாட்டுக்கு அனுப்ப 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டம் தனியாருக்கு அனுமதி தருவதில்லை.

ஏழாம் படி: வெறுப்பைச் சுமக்கும் சாமானை என்ன செய்வது?

இந்த இடத்தில் நான் நிதானமாகவே பேச விரும்புகிறேன். ஹிட்லர் ஊசித் திண்டைப் பார்த்துச் சிரிப்பது எளிது. அதே காலத்தில் அமெரிக்காவில் 'ஜப்பானியர் வேட்டை உரிமம்' என்று எழுதிய பேட்ஜும் விற்றது. வேட்டைக்காரர்கள் மானுக்கும் வாத்துக்கும் வாங்கும் உரிமத்தைப் போலவே அச்சிட்டிருப்பார்கள். ஹிட்லர் பொம்மையில் கேலி ஒரு மனிதன்மேல் விழுகிறது. இந்தப் பேட்ஜில் ஒரு இனத்தின்மேலேயே விழுகிறது; முகத்தைப் பார்த்தாலே போதும், பெயர் தேவையில்லை. 1942 பிப்ரவரி 19 அன்று ரூஸ்வெல்ட் கையெழுத்திட்ட 9066-ஆம் எண் உத்தரவால் சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினர் வீடு வாசலை விட்டு முகாம்களுக்கு அனுப்பப்பட்டார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். அமெரிக்க அரசு சட்டப்படி மன்னிப்புக் கேட்க 1988 வரை ஆனது. பக்கத்து வீட்டுக்காரர் மூட்டை கட்டும்போது ஜனங்கள் ஏன் பேசாமல் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்ற கேள்விக்குச் சட்டையில் குத்தியிருந்த அந்தப் பேட்ஜிலும் பதிலில் ஒரு பங்கு இருக்கிறது.

இப்படிப்பட்டதை வாங்கலாமா? ஆய்வு செய்கிறவர் வைத்திருக்கலாம் என்பதே என் கருத்து. ஆனால் அலங்காரமாக வெளியே வைக்காதீர்கள். படம் எடுத்துப் பகிர்ந்தால் கூடவே முகாம் கதையையும் எழுதுங்கள். படம் மட்டும் தனியாகப் போனால் அது மறுபடியும் தன் பழைய வேலையைச் செய்ய ஆரம்பித்துவிடும். ஜெர்மனியில் நாஜிச் சின்னங்களைப் பொதுவில் காட்டுவது குற்றம். கல்வி, ஆய்வு போன்ற காரியங்களுக்கு மட்டும் விலக்கு உண்டு. அங்கே பயணம் போகும்போது இவற்றைப் பெட்டியில் வைத்துக்கொண்டு போகாதீர்கள்.

கடைசிப் படி: ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு அட்டை எழுதுங்கள்

எழுதாத சேகரிப்பு உங்களோடு முடிந்துவிடும். நான் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்து கேள்வி வைத்திருக்கிறேன்: எதனால் செய்தது, என்ன எழுதியிருக்கிறது, கை என்ன செய்தது, காசு எங்கே போனது, எதைக் காட்டாமல் மறைக்கிறது. ஆஸ்திரேலியாவில் செய்த எம்டன் பதக்கத்துக்கு எழுதிய அட்டையை அப்படியே தருகிறேன்.

'எதனால்: மெக்சிகோ வெள்ளி டாலர். ஜெர்மன் போர்க்கப்பல் எம்டனின் கஜானாவில் இருந்தது. 1914 நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவருகே ஆஸ்திரேலியாவின் சிட்னி போர்க்கப்பல் எம்டனை வீழ்த்தியபின், ஆறாயிரத்துக்கும் மேற்பட்ட டாலர்களை மீட்டார்கள். எழுத்து: காசின் தலைமேல் கிரீடம் வைத்து, நாளும் இரண்டு கப்பல்களின் பெயரும். செய்தவர்: சிட்னி நகரின் கெர் நகைக்கடை, ஆயிரம் போல. கை: மார்பில் மாட்டிக்கொண்டது, எதிரியின் பணத்தையே நகையாக. காசு: சிட்னி கப்பலின் ஆட்களுக்குக் கொடுத்தது போக மீதியில் ஒரு பகுதியைப் பொதுமக்களுக்கு விற்றார்கள். மறைப்பது: எம்டனில் இறந்த 130-க்கும் மேற்பட்ட மாலுமிகள்.'

இதே எம்டன்தான் அதற்கு ஏழு வாரம் முன்பு, செப்டம்பர் 22 இரவு, மதராஸ் துறைமுகத்தில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகளைக் குண்டு வீசிக் கொளுத்திவிட்டுப் போனது. கெட்டிக்கார ஆளை, கண்டிப்பான அப்பாவை இன்றும் நாம் 'எம்டன்' என்கிறோம். சென்னையில் இருப்பவர்கள் முதல் அட்டையை எழுதக் காசு எதுவும் செலவழிக்க வேண்டாம். உயர் நீதிமன்றத்தின் சுற்றுச்சுவரில் அந்தக் குண்டு விழுந்த இடத்தைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. ஒரு காலை நேரம் ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு போங்கள். கல்லில் உள்ளதை எழுத்து விடாமல் நகல் எடுங்கள், அப்புறம் அதற்குக் கீழே அந்த ஐந்து கேள்விகளையும் எழுதிக்கொள்ளுங்கள்.